கால் குறைகிறது

“அவதானான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.”

நான் ஆபீஸ் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்ற ஒரு அம்மா இப்படி ஆரம்பித்துவிட்டார். மணி ஒன்பதரை. எங்கள் தொழிலில் ஒன்பதரை என்பது விடியற்காலை.

“கண்டுபிடிக்கறவங்க இன்னும் வரலைங்க. நான் வெறுமனே பின்னாடி போறவன்,” என்றேன்.

உண்மைதான். ஆட்களைப் பின்தொடர்வது என் வேலை. அதனால் எனக்கு வால் என்று பெயர். வாய் சும்மா இருக்காததால் வாலு என்று நீட்டுகிறவர்களும் உண்டு. எங்கள் முதலாளியம்மா ஐம்பத்திரண்டு வயதுக்காரர். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னாலும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார். ஊரே அவரை ஏனக்கா என்றுதான் கூப்பிடுகிறது.

அப்போது ஏனக்கா படியேறி வந்தார். வந்த அம்மாவை உட்கார வைத்தார்.

“இன்னிக்கு நாலு மணிக்கு வக்கீல் ஆபீஸ்ல விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும்,” என்றார் அந்த அம்மா. “அதுக்கு முன்னாடி எனக்கு உறுதியாத் தெரியணும். வீணா ஒருத்தி மேல பழி போட்டுட்டு நிம்மதியாத் தூங்க முடியாது.”

அவருக்கும் கணவருக்கும் எலெக்ட்ரிக் சைக்கிள் மோட்டார்களைச் சோதிக்கும் ஒரே லேபில் வேலை. இந்த அம்மா தராசில் எடை போட்டு ரீடிங் எடுப்பவர். கணவர் ஓட்டிப் பார்த்து மார்க் போடுபவர். பதினாறு வருஷமாக இருவருக்கும் ஒரே மேஜை. நான் மனசுக்குள் அவருக்குத் தராசம்மா என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

தராசம்மா கைப்பையிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் போட்டார்.

“மூணு மோட்டார். மூணுமே மிட் டிரைவ். அதாவது வீலுக்குள்ள இருக்காது. பெடல் சுத்தற அச்சுலயே உட்கார்ந்து, நாம மிதிக்க மிதிக்கக் கூடவே மிதிக்கும். எது நல்லதுன்னு வாராவாரம் ஒரே மேட்டுல ஏத்தி, எடை, சக்தி, பெடலை எப்படிப் புரிஞ்சுக்குதுங்கறது, எல்லாத்துக்கும் மார்க் போடணும். முதல் ரெண்டுலயும் டார்க் சென்சார்.”

“டார்க்னா இருட்டுல வேலை செய்யுமா?” என்றேன்.

“வாலு,” என்றார் ஏனக்கா.

“அது இருட்டு இல்ல தம்பி, முறுக்கு. எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அதுக்குத் தகுந்த மாதிரி உதவும். மூணாம் நம்பர்ல அந்த அறிவெல்லாம் கிடையாது. பெடல் சுத்துதான்னு மட்டும் பார்க்கும். சும்மா சுத்தினாலே முழு வேகத்துல இழுத்துட்டு ஓடும். முரட்டுப் பிறவி. எடையும் அதுதான் அதிகம். மே மாசம் அவரே அப்படித்தான் எழுதினார். பாருங்க.”

பார்த்தோம். பெடல் பத்தியில், மே முதல் வாரம்: ஒன்றாம் நம்பருக்கு ஒன்பது, இரண்டாம் நம்பருக்கு எட்டு, மூன்றாம் நம்பருக்கு நாலு. நவம்பர் முதல் வாரம்: ஒன்றுக்கு ஆறு, இரண்டுக்கு இரண்டு. முரட்டுப் பிறவிக்குப் பத்துக்கு ஒன்பது!

“நடுவுல என்ன ஆச்சு?”

“அவ வந்தா. மூணாம் நம்பர் மோட்டார் கம்பெனிக்காரி. ஜூலைல வந்தா. அப்புறம் எல்லாமே மாறிப்போச்சு.” விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். “மூணு மாசத்துல மூணு ஜோடி புது ஷூ. வேற ரூம்ல படுக்கை. வியாழக்கிழமை மத்தியானம் ஆளையே காணோம், போனும் எடுக்கறதில்ல. போன மாசம் நேராவே கேட்டுட்டேன், அவளுக்காகத்தான் இந்த மார்க்கான்னு. ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் ஆமான்னு சொல்லிட்டார். பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?”

அதுவரை ‘அவர்’ என்றிருந்தவர் இந்த இடத்தில் ‘அவன்’ ஆகிவிட்டார்.

“எங்கம்மா பதினோரு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. தூக்கி, துடைச்சு, ஊட்டி, எல்லாத்துலயும் கூட நின்னவன் அவன்தான். ரெண்டு வருஷமாத்தான் நாங்க மனுஷங்க மாதிரி வெளிய தெருவ போறோம். அதுக்குள்ள அவனுக்கு இன்னொருத்தி கேக்குதா? அவ கால்லயே போய் விழுன்னு சொன்னேன். போட்டிருந்த சட்டையோட போயிட்டான்.”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏனக்கா நோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஏன் எடைக்கு மார்க் குறையுது?”

“என்ன?”

“மே மாசம் எடைக்கு எட்டு, எட்டு, ஆறு. இப்போ அஞ்சு, அஞ்சு, மூணு. சைக்கிள் அதேதானே?”

“அதே சைக்கிள், அதே தராசு. ஒரு கிராம் மாறல. கேட்டா, தூக்கும்போது கனமா இருக்குங்கறான்.”

“இரும்புக்கும் நாற்பதுக்கு மேல தொப்பை போடும் போல,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“மூணாம் நம்பருக்கும் சேர்த்துத்தானே குறைச்சிருக்கார்?” என்றார் ஏனக்கா. “பிடிச்ச பொண்ணோட மோட்டாரை யாராவது கனம்னு எழுதுவாங்களா? சரி, அடுத்தது. அவளுக்காகப் பொய் மார்க் போடறவர் யாரை இடிச்சுத் தள்ளணும்? முதல்ல நிக்கறவனை. இவர் ஒன்றாம் நம்பரைக் கொஞ்சமாக் குறைச்சுட்டு, ரெண்டாவதா நின்னதைப் பாதாளத்துல தள்ளியிருக்கார். ஏன்?”

தராசம்மாவும் குனிந்து நோட்டைப் பார்த்தார்.

“பொய் சொல்றவங்க ஒழுங்காச் சொல்லுவாங்கம்மா. இருபது வருஷம் பார்த்தவ நான். இது கோணல்மாணலா இருக்கு. நிஜம்தான் இப்படி இருக்கும். சரி, இது என்ன?”

இரண்டாம் நம்பருக்கு எதிரே குறிப்புப் பத்தியில், செப்டம்பரிலிருந்து வாராவாரம் ஒரே வரி: ‘ஏற்றத்தில் கால் குறைகிறது.’

“அதுதான் மகா பொய்!” தராசம்மா சீறினார். “சொன்ன சக்தியில கால்வாசி குறையுதாம். நானே மோட்டாரைக் கழட்டி பெஞ்ச்ல கட்டி அளந்தேன். முழுசா இருக்கு. அவன்கிட்டயே காட்டினேன். கால் பங்கு எங்க குறையுது, காட்டுன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“சிரிச்சான்.”

ஏனக்கா நோட்டை மூடிவிட்டு எழுந்தார். “அந்த சைக்கிள் இப்போ எங்க இருக்கு?”

லேபுக்குப் பின்னால் அந்த மேடு. தார் போட்டு, வெள்ளைக் கோடு கிழித்து, நூறு மீட்டருக்கு நெட்டுக்குத்தாக ஏறியது. ஓட்டும் ஆள் மேலே போவான், ரீடிங் எடுப்பவர் கீழேயே நிற்பார். பதினாறு வருஷமாக இவர்கள் இருவரும் அப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள். அவர் ஏறுவதைப் பின்னாலிருந்து பார்ப்பதற்குக்கூட இந்த அம்மாவுக்கு நேரம் இருந்திருக்காது. கண் முழுக்க ஸ்கிரீனில்.

“ஏறு,” என்றார் ஏனக்கா என்னிடம்.

“அக்கா, நான் கடைசியா சைக்கிள் ஓட்டினப்போ எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு.”

“ஏறுடா.”

ஏறினேன். இரண்டாம் நம்பர். அடேங்கப்பா! அழுத்தினால் அழுத்தத்துக்கு ஏற்ற மாதிரி யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. மேலே போய்த் திரும்பி ராஜா மாதிரி வந்து இறங்கினேன்.

“எட்டு மார்க் குடுக்கலாம்க்கா. இதுக்குப் போய் யாராவது ரெண்டு போடுவாங்களா?”

ஏனக்கா தராசம்மாவிடம் திரும்பினார். “ஒண்ணுலயும் ரெண்டுலயும் ஒரே மாதிரி சென்சார்தானே?”

“கிட்டத்தட்ட. ஒன்றாம் நம்பர் ரெண்டு பெடலையும் தனித்தனியா அளக்கும். ரெண்டாம் நம்பரை லேசா, சின்னதாச் செய்யணும்னு பாதியை எடுத்துட்டாங்க. இடது பக்கம் மட்டும் அளந்து, வலதும் அவ்வளவுதான் இருக்கும்னு அதுவே எடுத்துக்கும். ஓட்டறவங்களுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது. ரெண்டு காலும் ஒண்ணுதானே.”

ஏனக்கா அந்த மேட்டை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “மறுபடி ஏறு. இடது காலைப் பெடல்ல சும்மா வை. அழுத்தாதே. வலதால மட்டும் மிதி,” என்றார்.

ஏறினேன். பத்து மீட்டர்கூடப் போகவில்லை. மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. அத்தனை கனமும் என் ஒற்றைக் காலில் இறங்கியது. தள்ளாடிப்போய்ப் புல்லில் சாய்ந்தேன்.

“என்ன ஆச்சு?” என்று ஏனக்கா கீழேயிருந்து கத்தினார்.

“இடது கால் குறைஞ்சா மோட்டாரே படுத்துடுதுக்கா!” என்று நானும் கத்தினேன்.

கத்திய பிறகுதான் என் காதில் விழுந்தது. என் வாயிலிருந்து எத்தனையோ உளறல் வந்திருக்கிறது. இது உளறலாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தராசம்மா ஸ்கிரீனைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“மூணாம் நம்பரைக் குடுங்க,” என்றார் ஏனக்கா. அதிலும் இடது காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஏறினேன். பெடல் சுற்றியதே போதும் என்று அந்த முரட்டுப் பிறவி என்னைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

நான் இறங்கி வந்தபோது ஏனக்கா, “அவரோட பழைய ஷூ ஏதாவது இங்க இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய லாக்கரில் இரண்டு ஜோடி கிடந்தன. வலது ஷூ இரண்டும் புதுசு போல இருந்தன. இடது ஷூ இரண்டிலும் முன்முனை தேய்ந்து, உள்ளே இருந்த துணி தெரிந்தது.

“பொய்யா நொண்டறவங்க நூறு பேரைப் பிடிச்சிருக்கேன்,” என்றார் ஏனக்கா. “பொய்யா நொண்டறவன் ஷூ தேயாதும்மா. இது பாதத்தைத் தூக்க முடியாம தரையில இழுத்து நடக்கற ஆளோட ஷூ. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு தேயத் தேயப் புதுசு வாங்கியிருக்கார்.”

“வேற ரூம்…” என்றார் தராசம்மா.

“நரம்பு போகும்போது ராத்திரியெல்லாம் கால் துடிக்கும். பக்கத்துல படுத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தூக்கத் தெம்பு குறைஞ்சதாலதான் மூணு சைக்கிளும் கனமாச்சு. உங்க வீட்டுக்காரர் இந்த நோட்டுல ஒரு பொய்கூட எழுதலம்மா. அவர் எழுதினது கால் பங்கு இல்ல. கால்.”

தராசம்மா ஷூவை மடியில் வைத்துக்கொண்டு மேட்டின் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நான்தானே அளந்தேன்,” என்றார். “ரெண்டாம் நம்பர் இடது அழுத்தத்தை எழுதி வைக்கும். வாராவாரம் அந்த நம்பரை என் கையாலதான் எழுதினேன். குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அவளுக்காக வேணும்னே லேசா மிதிக்கறான்னு நெனச்சேன். ஐயோ, அப்படி நெனச்சுட்டேனே…”

மேலே சொல்ல முடியாமல் அழுதார். நானும் மூக்கை உறிஞ்சினேன். துப்பறியும் ஆபீஸில் வேலை செய்பவன் என்ன கல்லா?

மூன்றாம் நம்பர்க்காரியின் பட்டறை அரை மணி நேரத் தூரம். நான் கார் ஓட்டினேன். பின் சீட்டில் தராசம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பென்சிலும் ஸ்கேலும் எடுத்து, மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வாரத்து இடது அழுத்தத்துக்கும் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. புள்ளிகளையெல்லாம் சேர்த்துக் கோடு போட்டார். பிறகு ஸ்கேலை நகர்த்தி, கடைசிப் புள்ளிக்கு அப்பாலும் அந்தக் கோட்டை நீட்டினார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. ஏனக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பட்டறை நிறைய மூன்று சக்கர சைக்கிள்கள். கையெல்லாம் கிரீஸோடு ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தராசம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“அக்கா, சத்தியமா நீங்க நினைக்கற மாதிரி இல்ல,” என்றாள்.

“தெரியும்மா. அவர் எங்க இருக்கார்?” என்றார் தராசம்மா.

“பின்னாடி ரூம்ல. படி இல்லாத ரூம் வேணும்னு கேட்டார்.” கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “எங்க மோட்டாரை வாங்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கால்ல தெம்பு இருக்காது. எவ்வளவு லேசா மிதிச்சா இது ஓடும்னு அவர் முதல் நாளே கேட்டார். கேட்ட விதத்துலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். சத்தியம் வாங்கிட்டார்.”

பின் அறைக் கதவு திறந்தே இருந்தது. நானும் ஏனக்காவும் வெளியிலேயே நின்றுவிட்டோம். தராசம்மா வாசலைத் தாண்டவில்லை.

கணவர் எதிர்ச் சுவரோரம், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மெலிந்த ஆள். மனைவியைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை அவசரமாக அடக்கிக்கொண்டார்.

“எதுக்கு வந்தே?” என்றார். “அதான் சொன்னேனே, எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. அவளைத்தான் பிடிச்சிருக்கு. கையெழுத்தைப் போட்டுட்டு உன் வேலையைப் பாரு.”

“சரி, போறேன்,” என்றார் தராசம்மா. “இங்க வந்து, என் மூஞ்சியைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்லு. போயிடறேன்.”

நடுவில் எட்டு அடி தூரம் இருக்கும். அவர் தரையைப் பார்த்தார். மேஜையிலிருந்து ஒரு கையை எடுத்தார். மறுபடி பிடித்துக்கொண்டார்.

“வா,” என்றார் தராசம்மா.

“முடியல,” என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த எட்டு அடியையும் தராசம்மாதான் ஓடிக் கடந்தார். போனவர் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் மடார் மடார் என்று அடித்தார். அடித்த கையாலேயே அவரை விழாமல் பிடித்துக்கொண்டார். இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

“உங்கம்மாவைத் தூக்கித் தூக்கி உன் முதுகு போனது எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். “மருந்து கிடையாதாம். கால்ல ஆரம்பிச்சு மேல ஏறுமாம். மறுபடியும் உன்னை ஒரு கட்டில் பக்கத்துல உட்கார வைக்க எனக்கு மனசு வரல. நீ என்மேல கோவமாப் போயிட்டா உனக்கு ஒரு வருஷத்துல ஆறிடும்னு நெனச்சேன்.”

“ஆறும்னு எந்த மடையன்டா சொன்னான் உனக்கு?”

தராசம்மாவின் பையிலிருந்து சரிந்த நோட்டு, கட்டில்மேல் கடைசிப் பக்கம் விரிந்து கிடந்தது. கணவர் அதைப் பார்த்தார்.

“கோட்டை நீட்டிட்டியா?”

“ம்.”

“எந்த மாசம் போய் சைபரைத் தொடுது?”

தராசம்மா நோட்டை மூடப் பார்த்தார். அவர் விடவில்லை.

“சொல்லு. என்கிட்ட என்னிக்காவது ரீடிங்கை மறைச்சிருக்கியா?”

“மார்ச்,” என்றார் தராசம்மா.

அவர் தலையை ஆட்டினார். “எனக்கும் மார்ச்தான் வந்துச்சு.”

“இல்ல,” என்றார் தராசம்மா. “கார்ல உட்கார்ந்து போட்டேன். கார் குலுங்கிச்சு. கோடு சரியா விழல. ஒழுங்காப் போட்டா இன்னும் தள்ளிப் போகும். இரு, மறுபடி போடறேன்.”

பையிலிருந்து ரப்பரைத் தேடி எடுத்து அந்தக் கோட்டை அழிக்க ஆரம்பித்தார். அழுத்தித் தேய்த்ததில் நோட்டு நழுவி நழுவிப் போயிற்று. கணவர், நோட்டு நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.